கொடியில் ஒரு கூடு

இன்றைக்குப் பறந்துவிடும் என்று சர்வேயர் சார் நேற்றுச் சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், முப்பத்திரண்டு வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்த மனுஷன், கூடு கட்டின நாளிலிருந்து நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறார், குஞ்சு பொரித்து இன்றோடு பதினேழு நாள். பதினேழாம் நாள் தேன்சிட்டுக் குஞ்சு கூட்டை விட்டு இறங்கும் என்று எங்கேயோ படித்தாராம். எனக்கு அது பதினெட்டாக இருந்தால் நல்லது, இருபதாக இருந்தால் இன்னும் நல்லது. மணி ஆறேகால், புறவாசல் படியில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் காப்பி டம்ளர், காலடியில் துவைத்துப் பிழிந்த துணி வாளி. மே மாசக் கத்திரி, இந்நேரத்துக்கே சிமெண்டுத் தரை உள்ளங்காலில் இளஞ்சூடாக இருக்கிறது, நேற்றைய வெயிலை ராத்திரி முழுக்கப் பொத்தி வைத்திருந்து இப்போது திருப்பித் தருகிறது. எதிரே துணிக்கொடியின் நடுவில் கூடு. பார்க்காதவர்கள் கூடு என்று நம்பமாட்டார்கள், கயிற்றில் குப்பை சிக்கித் தொங்குகிறது என்பார்கள். நார், ஒட்டடை, மரப்பட்டைத் தூள் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கவிட்ட பை, பக்கவாட்டில் ஓர் ஓட்டை, ஓட்டைக்கு மேலே வெயில் விழாமல் சின்னதாக ஒரு சன்ஷேடு. அந்த ஓட்டையில் இப்போது இரண்டு மூக்குகள். நேற்றுவரை சாப்பாடு வந்தால்தான் வெளியே நீளும், இன்று சாப்பாடு வராதபோதும் நீண்டுகொண்டிருக்கின்றன, வெளியே என்ன விசேஷம் என்று பார்ப்பதுபோல. பார்க்காதீங்க பிள்ளைகளா, உள்ளே போங்க, ஒரு விசேஷமும் இல்லை. குஞ்சு பறக்கட்டும், அப்புறம் சொல்லுதேன் என்று நேசனிடம் நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நேசன் என் மகன், ஓசூரில் இருக்கிறான், ஏழாவது மாடி. அம்மா நீங்க தனியா அங்க கிடந்து என்ன செய்யுதீங்க, வீட்டைக் கொடுத்துட்டு இங்க வந்திருங்க, உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கு, பால்கனி இருக்கு. நல்ல பிள்ளை, மருமகளும் நல்ல பிள்ளை, அதுதான் சங்கடமே, கொடுமைக்காரியாக இருந்தால் பதில் சொல்வது எவ்வளவு சுலபம். ஈஸ்டருக்குப் பிறகு வாராவாரம் கேட்கிறான். முதலில் முட்டை பொரியட்டும் என்றேன், பிறகு குஞ்சு கண் திறக்கட்டும் என்றேன், பிறகு பறக்கட்டும் என்றேன். அம்மா, ஒரு குருவியாலயா நீங்க வரமாட்டேங்கீங்க, என்று சிரித்தான். நானும் சிரித்தேன். குருவியால்தான் என்று சொல்லி வைத்தது நல்லதாயிற்று, வேறு எதனால் என்று அவன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன், எனக்கே நான் என்ன சொல்லிக்கொள்வேன். இந்தக் கேள்வி வந்தவுடன் மனசு டக்கென்று திரும்பி வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது, முருங்கை மரத்தில் குஞ்சு திருடுகிற வால்காக்கை இருக்கிறதா, பூனை எங்கே, துணி வாளியில் ஈ உட்காருகிறதா. ஐம்பத்தெட்டு வயசு. லேபில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவள், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால் அசையமாட்டேன், இந்த ஒரு கேள்வியில் மட்டும் கண் நிற்கமாட்டேன் என்கிறது.

குருத்தோலை ஞாயிறு அன்றைக்குத்தான் ஆரம்பம். கோயில் முடிந்து வந்து துணி எடுக்கப் போனேன், கொடியில் என்னமோ நூல் மாதிரி தொங்கியது, பிய்த்துப் போட்டேன். மறுநாளும் தொங்கியது, பிய்த்துப் போட்டேன். மூன்றாம் நாள் கை நீட்டும்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “ஐயோ, எடுத்திராதீங்க!” என்று ஒரு சத்தம். திரும்பினால் சர்வேயர் சார், பக்கத்து வீட்டு ஞானசிகாமணி, பல் தேய்க்கிற பிரஷ் வாயில் இருக்க, கண் பிதுங்க. பன்னிரண்டு வருஷம் பக்கத்து வீடு, அவர் மனைவி இருந்த காலத்தில் அந்த அம்மாவோடுதான் பேச்சு, அந்த அம்மா போன பிறகு கோயிலில் பார்த்தால் ஸ்தோத்திரம் சிஸ்டர், ஸ்தோத்திரம் சார், அவ்வளவுதான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சொன்னார், அது கூடு, அந்தா பாருங்க, பொட்டைதான் கட்டுது. கறிவேப்பிலைக் கிளையில் என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பறவை, மஞ்சள் வயிறு, வளைந்த மூக்கு, மூக்கில் ஒரு நார். நான் அடுத்தது எங்கே பிய்ப்பேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் வேலையை நான் குப்பையில் போட்டிருக்கிறேன், அது கோபித்துக்கொண்டு வேறு வீடு பார்க்காமல் மூன்றாவது தடவையும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. வெட்கமாகப் போயிற்று. அன்றைக்கே சார் டேப்பை எடுத்துச் சுவர்மேல் நீட்டி, எட்டடிக்குள்ள போகாம இருந்தா அது பயப்படாது என்று சொல்லி, நான் இந்தப் பக்கம் டேப்பின் நுனியைப் பிடிக்க, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட வைத்தார். என் வீட்டுப் புறவாசலில் நான் தாண்டக்கூடாத கோடு. அப்புறம்தான் கேட்டார், துணியை எங்க காயப்போடுவீங்க?

அதுதான் பெரிய கதையாகிவிட்டது. மாடிக்கு வாளி தூக்க என் முழங்கால் விடாது. அவர் தன் பக்கம் சுவரை ஒட்டினாற்போல ஒரு நீலக் கயிறு கட்டினார், நான் இங்கேயிருந்தே எட்டிப் போடலாம், எட்டி எடுக்கலாம். முதல் வாரம் படுக்கை விரிப்பு மட்டும் போட்டேன். இரண்டாம் வாரம் துண்டு. மூன்றாம் வாரம் ஒரு நீலக் காட்டன் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன், விரிப்பும் துணி, சேலையும் துணி, இதில் என்ன இருக்கிறது, போட்டேன். அன்றைக்குக் காற்று அடித்தது. கயிற்றின் அந்த முனையில் கிடந்த அவர் வேட்டியும் என் சேலையும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு, பிரிக்கவே முடியவில்லை. நான் இந்தப் பக்கம் இழுக்க அவர் அந்தப் பக்கம் இழுக்க, இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இன்னைக்குக் காத்து கூடுதல் என்றார், ஆமா மேகாத்து என்றேன். எதிர்வீட்டு பாக்கியத்தக்கா தன் மாடியிலிருந்து அதைப் பார்த்திருக்கிறாள். மறுநாளே நாசரேத்திலிருந்து ரோஸ்பெல் மதினி போன். என் வீட்டுக்காரரின் அக்கா, நல்லது கெட்டது எல்லாம் அவளுக்கு முதலில் தெரியவேண்டும். “ஏட்டி எப்சிபா, உன் சேலை ஆம்பிளை வீட்டுக் கொடியில காயுதாமே?” “கொடியில குருவி கூடு கட்டியிருக்கு மதினி.” “குருவியா? எந்தக் குருவி?” “தேன்சிட்டு மதினி.” “ஊர்ல யாருக்கும் வராத குருவி உனக்குத்தான் வந்துதாக்கும்,” என்று வைத்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை, சிரித்தேன். ஆனால் ராத்திரி படுக்கையில் ஒன்று தோன்றியது. அன்றையிலிருந்து சார் என்னை சிஸ்டர் என்று கூப்பிடுவதில்லை. பேர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. இங்க பாருங்க, அந்தா பாருங்க, கேட்டீங்களா, இப்படியே சமாளிக்கிறார். நானும் கவனித்தேன் என்பதை அவர் கவனித்தாரோ என்னவோ.

ஆண் வந்துவிட்டது. இவன் ஒரு ஆள், கழுத்தில் ஊதா, தலையில் பச்சை, வெயில் பட்டால் ஒரு நிறம், நிழலில் வேறு நிறம், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. கட்டுவதும் அடைகாப்பதும் அவள், இவன் கூடவே பறந்து மேற்பார்வை. குஞ்சு பொரித்த பிறகுதான் உடம்பு வணங்கினான், சிலந்தியும் பச்சைப்புழுவும் கொண்டுவந்து கொடுக்கிறான், கொடுத்துவிட்டுப் போகும்போது பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் கண்ணாடியில் தன்னையே கொத்திச் சண்டை போடுகிறான். சார் அந்தக் கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் தர்மராஜும் இப்படித்தான், கண்ணாடியைக் கண்டால் ஒரு நிமிஷம் நிற்காமல் போகமாட்டார், மீசையை ஒரு தடவு தடவிவிட்டுத்தான். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. களைப்பாக இருக்கு என்று ஒரு செவ்வாய்க்கிழமை லேபுக்கு வந்தார், நானே ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன், நானே ஸ்லைடு போட்டேன், கண்ணை வைத்தேன், ரத்தத்தில் இருக்கக்கூடாத செல்கள். டாக்டர் வர இன்னும் இரண்டு மணி நேரம். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார், போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், பாதியை ஒடித்து நீட்டினார், வாங்கித் தின்றேன், நல்ல முறுக்கு, எள் போட்டது. என்னா பார்த்தியா என்றார். பார்க்கணும் என்றேன். அந்த இரண்டு மணி நேரம் உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும், நான் சொல்லாதவரை ஒன்றும் ஆகவில்லை, முறுக்கு இருந்தது, பெஞ்ச் இருந்தது, அவர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அப்போது பிடித்த பழக்கம்தானோ இது. ரிசல்ட் வருவதற்கு முன்னால் இருக்கிற நேரத்தை இழுத்து இழுத்து நீட்டுவது. பறக்கட்டும், அப்புறம் சொல்லுதேன். ஆனால் இன்றைக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அன்றைக்கு அடித்துக்கொண்ட மாதிரி இல்லை. இது வேறு, பரீட்சைக்குப் போகிற பெண்பிள்ளைக்கு அடிக்கிற மாதிரி, இந்த வயசில் இது என்ன கூத்து.

குஞ்சு போய்விட்டால் கொடி எனக்கு வந்துவிடும். கொடி வந்துவிட்டால் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுவதற்கு ஒரு காரணமும் இல்லை. காலையில் ஆறு மணிக்கு எத்தனை மூக்கு தெரியுது என்று கேட்க ஆள் இருக்காது. பதில் சொல்லவும் இருக்காது. அப்படியென்றால் ஓசூர் போனால்தான் என்ன, ஏழாவது மாடி, பால்கனி, புறா வரும். போகாவிட்டால், குளியலறையில் வழுக்கி விழுந்தால், யார் கதவைத் தட்டுவார்கள், மூன்றாம் நாள் பால்காரனா. ஐயோ இதை ஏன் நினைக்கிறேன், நல்ல காலைநேரம், கருப்பு வெள்ளைக் குருவி ஒன்று ஆன்டெனா கம்பியில் உட்கார்ந்து பாடுகிறது, இந்த இரண்டு மாசமும் அதுக்குக் கல்யாண சீசன், சீழ்க்கையடித்து ஓயாது, தவிட்டுக் குருவிகள் ஏழெட்டுச் சேர்ந்து வாழையடியில் சருகைப் புரட்டிச் சண்டை போடுகின்றன, ஊரே வீடு கட்டுவதும் பெற்றுப்போடுவதுமாக இருக்கிறது, நான் மட்டும் விழுகிறதைப் பற்றி யோசிக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம், இருமல். வந்துவிட்டார். தலை மட்டும் தெரிகிறது, சீவி, நடுவகிடு, ஈரம். நோட்டு, பேனா.

“எத்தனை மூக்கு?”

“ரெண்டும் வெளிய இருக்கு. ஒண்ணு கழுத்துவரைக்கும்.”

“அப்ப இன்னைக்குத்தான். அம்மாக்காரி ஊட்டுறதைக் குறைச்சிட்டா பாருங்க. தள்ளி நின்னு கூப்பிடுதா.”

ஆமாம். புழுவை மூக்கில் வைத்துக்கொண்டு கறிவேப்பிலைக் கிளையிலேயே நிற்கிறாள், டிசிட் டிசிட் என்கிறாள், வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள் என்கிறாள். கல்நெஞ்சுக்காரி என்று நினைத்தேன், பிறகு நேசனைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியது ஞாபகம் வந்தது, சரி, இருக்கட்டும். முதல் குஞ்சு ஓட்டையின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது. வால் இல்லை, இருக்கிறதென்று சொல்ல முடியாத அளவுக்கு ஒரு கட்டை. குனிந்து தரையைப் பார்த்தது. சார் பேனாவை மூடாமல் நிற்கிறார். பிறகு அது யோசிக்கவேயில்லை, கீழே விழப்போகிறது என்று நான் வாயைத் திறக்கும்முன் சிறகு அடித்து, கோணல்மாணலாக, கறிவேப்பிலைக் கிளையில் போய் மோதி ஒட்டிக்கொண்டது. அம்மா புழுவை வாயில் திணித்தாள். “ஆறு அம்பது!” என்று சார் கத்தினார், நான் கை தட்டிவிட்டேன், தட்டின பிறகு வெட்கம், ஆனால் அவரும் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான், காப்பி ஆறி ஆடை படிந்து, அதையே குடித்தேன்.

இரண்டாவது தயங்கியது. கால்மணி நேரம் விளிம்பில் உட்காருவதும் உள்ளே போவதுமாக இருந்தது, இது என் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனாள். பிறகு பறந்ததா வழுக்கியதா தெரியவில்லை, நேரே கீழே, சிமெண்டுத் தரையில், கோட்டுக்குள் அகப்பட்டு நாற்பது நாளாகச் சும்மா கிடக்கிற துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பஞ்சு மாதிரி விழுந்தது. சிறகை விரித்தபடி, வாயைத் திறந்தபடி. முருங்கையிலிருந்து வால்காக்கை இறங்கியது. கர்ரென்று ஒரு சத்தம், நீள வால் ஒரு வீச்சு, சுவரில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது. நான் எழுந்துவிட்டேன், ஆனால் சாக்பீஸ் கோட்டில் என் கால் நின்றுவிட்டது. நாற்பது நாள் தாண்டாத கோடு, பாதி அழிந்துபோன கோடு, அதில் முட்டாள்தனமாக நிற்கிறேன், போனால் குஞ்சு பயந்து ஓடிப் பூனை வாயில் விழுமோ, போகாவிட்டால் காக்கை கொத்துமோ, எது, எது, என்று மனசு சுற்றுகிறது, கால் நகரவில்லை.

“எப்சிபா! போங்க! கோட்டை விடுங்க, போங்க!”

என் பேர். அவர் வாயில் என் பேர். அது காதில் விழுந்ததும் கால் அவிழ்ந்தது, வாளியிலிருந்து ஈரத் துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு ஓடினேன், ச்சூ, ச்சூ, சனியனே. வால்காக்கை ஒரு அடி பின்வாங்கித் துணிக்கொடிக் கம்பத்தில் உட்கார்ந்தது, போகவில்லை. பின்னால் டமாரென்று ஒரு சத்தம். அறுபத்து மூன்று வயசு மனுஷன் நெஞ்சுயரச் சுவரில் வயிற்றைப் போட்டு, காலைத் தூக்கி, இடுப்பில் கட்டியிருந்த சாரம் சுவர்க்கம்பியில் மாட்டிக் கிழிய, என் வாழைப்பாத்திக்குள் வந்து விழுந்தார். விழுந்த வேகத்தில் எழுந்து, கையிலிருந்த நோட்டைக் காக்கைமேல் விட்டெறிந்தார். நாற்பது நாள் கணக்கு முழுக்கக் காற்றில் பறந்தது. வால்காக்கை திட்டிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் குஞ்சுக்கு இரண்டு பக்கமும் நின்றோம். மூச்சு வாங்கியது. தொடலாமா என்று கண்ணாலே கேட்டேன். தொடவேண்டாம் என்று தலையாட்டினார். அது துவைக்கிற கல்லின் நிழலுக்குத் தத்தித் தத்திப் போய், கல்லைப் பிடித்து ஏறி, மேலே நின்று எங்களைப் பார்த்தது. இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. வாயோரம் இன்னும் மஞ்சள், நெஞ்சு அடிப்பது வெளியே தெரிகிறது. எவ்வளவு நேரம் நின்றோமோ, ஈரத்துண்டிலிருந்து சொட்டுச் சொட்டாக என் பாதத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அவர் முட்டியில் ரத்தம், பார்த்தேன், என் கண் பழக்கப்பட்ட கண், ஆழமில்லை. அம்மாக்காரி வந்தாள், எங்களை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை, கல்லில் இறங்கி ஒரு சிலந்தியை ஊட்டினாள், திரும்பிப் பறந்தாள். குஞ்சு அவள் பின்னாலேயே எழும்பியது. கறிவேப்பிலைக்குப் போகவில்லை, அதையும் தாண்டி முருங்கையின் உச்சிக்கு, முதல் குஞ்சைவிட உயரமாக.

“ஏழு பத்து,” என்றார். எழுத நோட்டு இல்லை.

“வெந்நீர் வைக்கேன், முட்டியைக் கழுவணும்,” என்றேன்.

அப்போதுதான் அவர் தன்னைப் பார்த்தார், மண், வாழைச்சாறு, கிழிந்த சாரம். சுவரைப் பார்த்தார். “நான் வந்த வழியே...” என்று ஒரு காலைத் தூக்கினார், முட்டி மடங்கவில்லை. முன்வாசல் வழியாகப் போகலாம், ஆனால் எதிர்வீட்டில் பாக்கியத்தக்கா இந்நேரம் கோலமாவும் வாளியுமாகத் தெருவில் நிற்பாள், காலங்காலையிலேயே என் வீட்டு முன்வாசலிலிருந்து கிழிந்த சாரத்தோடு ஓர் ஆண்பிள்ளை. நாசரேத்துக்கு ஐந்து நிமிஷத்தில் போய்விடும். இதையெல்லாம் நான் ஒரு நொடியில் நினைத்தேன், அவரும் நினைத்தார், அவர் நினைப்பது எனக்குத் தெரிந்தது. மனசு மறுபடி சுற்றப் போகிறது, வால்காக்கையைத் தேடப் போகிறது, வாளியில் ஈயைத் தேடப் போகிறது. வேண்டாம். “முன்வாசல் வழியாவே போலாம்,” என்றேன். “காப்பி குடிச்சிட்டுப் போலாம். நானும் கேட் வரைக்கும் வாரேன்.” அவர் என்னையே பார்த்தார், பிறகு, “சீனி கம்மி,” என்றார்.

முட்டியைக் கழுவிப் பஞ்சு வைத்து ஒட்டினேன். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார், வீட்டில் இன்னொரு ஆள் காப்பி உறிஞ்சுகிற சத்தம், எவ்வளவு சின்னச் சத்தம் அது. எட்டு மணிக்கு நேசன் கூப்பிடுவான், இன்றைக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே கூப்பிட்டான்.

“அம்மா, பறந்துட்டா?”

“பறந்துட்டுப்பா. ரெண்டும்.”

“அப்பாடா. அப்ப சனிக்கிழமை கார் எடுத்துட்டு வாரேன். சாமான் எல்லாம் மெதுவா...”

“வா. வந்து ரெண்டு நாள் இரு. நானும் அங்க வந்து ஒரு மாசம் இருந்துட்டு வாரேன். ஆனா வீடு இருக்கட்டும் நேசா. நான் இங்கதான் இருக்கப்போறேன்.”

சொல்லிவிட்டேன். இவ்வளவுதானா. “தனியா எப்படிம்மா?” என்றான், கோபமில்லை, பயம், பாவம்.

“தனியா இல்லப்பா.”

சார் டம்ளரைக் கீழே வைத்தார், வைத்தது எனக்குக் கேட்டது.

“யாரும்மா இருக்காங்க அங்க?”

“பக்கத்து வீட்டு சர்வேயர் சார். காப்பி குடிச்சிட்டு இருக்காங்க.”

“காலையிலயே எப்படிம்மா வந்தாங்க?”

“சுவரேறிக் குதிச்சுதான்.”

அவர் காப்பியில் புரையேறி இருமினார். நேசனின் லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன், போகவில்லை. பிறகு மூக்கு வழியாக ஒரு சின்னச் சத்தம் வந்தது, அடக்கப் பார்த்து முடியாமல் அவன் சிரித்தான், நானும் சிரித்தேன், இரண்டு பேரும் நிறுத்தவே முடியாமல். “அம்மா,” என்றான், மூச்சு வாங்கிக்கொண்டு, “அவங்ககிட்ட போனைக் கொடுங்க.”

நீட்டினேன். அவர் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, கலெக்டர் முன்னால் நிற்பதுபோல எழுந்து நின்று, போனை வாங்கித் தொண்டையைச் செருமினார்.

“ஸ்தோத்திரம் தம்பி. ஞானசிகாமணி பேசுதேன்.”